எத்தனை டிகிரி வந்துச்சு?

முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரை எங்கள் பக்கம் "எப்படி இருக்கீங்க" என்று யாரும் கேட்பதில்லை. "எத்தனை டிகிரி வந்துச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் பூக்கட்டி விற்கிற அம்மாளுக்கு இந்தக் கணக்கு தெரியும். ராஜபாளையத்தில் தம்பி வீட்டுக்குப் போனால் எதிர்வீட்டு மதினிக்கும் தெரியும். மதினிக்கு வந்தது நூற்றுப்பத்து. எனக்கு அப்போது எழுபத்தைந்து. பரீட்சை மார்க் சொல்ல வெட்கப்பட்ட பிள்ளைகளை வகுப்பில் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

டிகிரி என்பது மடக்கும் கோணம். கால் நேராக நீண்டிருந்தால் பூஜ்யம், மடக்க மடக்க எண் ஏறும். நல்ல நிலையில் உள்ள முட்டி 135 முதல் 150 வரை போகும். சமதரையில் நடக்கச் சுமார் 65 போதும். படி ஏற 80, 90 வேண்டும், இறங்க இன்னும் கொஞ்சம். சாதாரண நாற்காலியிலிருந்து எழ 95, 100. சம்மணம் போட்டு உட்கார 120ஐத் தாண்ட வேண்டும், அதோடு முட்டி சற்றுத் திரும்பிக் கொடுக்கவும் வேண்டும். குத்தவைத்து உட்கார 130க்கு மேல். மாற்றிவைத்த முட்டி பெரும்பாலும் 110, 120 பக்கம் வந்து நின்றுகொள்ளும். டாக்டர் "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லும் இடத்துக்கும் நம் வீட்டுத் தரைக்கும் நடுவே பத்து இருபது டிகிரி பாக்கி. நம்மவர்களின் முக்கால்வாசி மனக்குறை அந்த பாக்கியில்தான் இருக்கிறது.

*

எங்கள் தலைமுறைப் பெண்களின் முட்டிகள் தரையிலேயே உழைத்தவை. அருவாமனை, ஆட்டுக்கல், துவைகல், கக்கூஸ், பந்திப்பாய். தேய்மானத்துக்கு வயது, எடை, பரம்பரை, பழைய அடி என்று பல காரணம் சொல்கிறார்கள். நெடுநேரம் மண்டியிட்டும் குத்தவைத்தும் செய்யும் வேலையும் அந்தப் பட்டியலில் உண்டு. தேய்ந்ததை மாற்றிய பிறகு மறுபடியும் அதே தரைக்குத்தான் மனசு போகிறது. பெரும்பாலான டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஆழமாக மடக்கி உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கும்போது, உள்ளே இரண்டு உலோகத்துக்கும் நடுவில் மெத்தை மாதிரி வைத்திருக்கும் பாலித்தீன் துண்டின் மேல் அழுத்தம் மிக அதிகம்.

ஆபரேஷனுக்கு முன்பே இதை டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். "எனக்குக் கீழ உட்கார முடியுமா, கோயில்ல விழுந்து சேவிக்க முடியுமா, டவுன் பஸ் ஏற முடியுமா" என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். "நல்லா நடக்கலாம்மா" என்ற ஒற்றைப் பதிலோடு திருப்தியாகி வந்தவர்கள்தான் ஆறு மாதம் கழித்து ஏமாந்ததாகப் பேசுகிறார்கள்.

*

யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "கால் நேரா நீளுதா?"

ஊர் முழுக்க மடக்குவதைப் பற்றியே பேசுகிறது. பிசியோதெரபிஸ்ட் தம்பி வந்தால் முதலில் பார்ப்பது வேறு. படுக்கச் சொல்லி, முழங்காலின் பின்குழிக்கும் மெத்தைக்கும் நடுவில் தன் கையை விட்டுப் பார்க்கிறார். கை நுழைந்தால் அவர் முகம் மாறுகிறது. "டீச்சர், நூத்திருபது வரலைன்னா சம்மணம் போட முடியாது, அவ்வளவுதான். கடைசி பத்து டிகிரி நீளலைன்னா ஒவ்வொரு அடிக்கும் நொண்டணும்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முட்டி முழுக்க நேரானால் நிற்பதற்குத் தொடைத் தசைக்கு அதிக வேலை இல்லை, எலும்பின்மேல் எலும்பு நின்று பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். பத்து டிகிரி மடங்கியே இருந்தால் நிற்கும் நேரமெல்லாம் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கடைத்தெருவுக்குப் போய்வருவதற்குள் தொடை களைத்துவிடும். அந்தக் கால் குட்டையானதுபோல் நடை சாயும், பாரம் இடுப்புக்கும் அடுத்த முட்டிக்கும் போகும். அந்த அடுத்த முட்டியும் பெரும்பாலும் தேய்ந்ததுதான்.

கால் நேராக நீளுவதற்கு முதல் எதிரி நம் வீட்டுப் பாசம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மருமகள் முட்டிக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணையைச் செருகினாள். சொர்க்கமாக இருந்தது. வீங்கிய மூட்டுக்குள் நீர் தங்க அதிக இடம் கிடைப்பது இருபது முப்பது டிகிரி மடங்கிய நிலையில்தான், அதனால்தான் அந்தச் சுகம். அந்தச் சுகத்திலேயே ராத்திரி முழுக்கப் படுத்திருந்தால் பின்பக்கச் சதையும் சவ்வும் அந்த நிலைக்கே சுருங்கிப் பழகிவிடும். பிசியோ தம்பி வந்து தலையணையை உருவி எடுத்தபோது மருமகளுக்குக் கோபம். "பெரியவங்களுக்கு வலிக்குதுல்ல?" என்றாள்.

தலையணைக்குப் பதில் ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும், முட்டி அந்தரத்தில் நிற்கும்படி. பிறகு தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்தி ஐந்து எண்ண வேண்டும், விட வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். பார்ப்பவர்களுக்கு நாம் ஒன்றும் செய்யாததுபோலத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எதிரில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் குதிகாலை மட்டும் வைத்துக்கொண்டால் முட்டி தன் எடையிலேயே நீளும். இந்த இரண்டையும் செய்யாமல் மடக்குவதை மட்டும் செய்கிறவர்கள் எத்தனை டிகிரி வாங்கினாலும் நடையில் தெரிந்துவிடும்.

*

கோலத்துக்கும் இதே கதை. வாசல் கோலம் போடக் குத்தவைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். மார்கழியில் எங்கள் தெருவில் போய்ப் பாருங்கள். பழக்கமுள்ளவர்கள் காலை நேராக ஊன்றி, இடுப்பில் மட்டும் மடங்கிக் குனிந்து போடுகிறார்கள். நேராக நீளும் முட்டி போதும், 130 வேண்டியதில்லை. இடுப்புவலி இல்லாதவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும் இடமாகப் பார்த்துத் தொடங்கலாம்.

*

வீக்கம். இதைப் பற்றி ஆபரேஷனுக்கு முன் யாரும் போதுமான அளவு சொல்வதில்லை.

மூட்டுக்குள் இரண்டு மூன்று கரண்டி நீர் கோத்தாலே தொடையின் முன்தசை வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. தசையில் ஒரு கோளாறும் இருக்காது. மூட்டு வீங்கியிருக்கிறது என்ற செய்தி நரம்பு வழியாகப் போய், தசைக்கு வரும் உத்தரவையே குறைத்துவிடுகிறது. படுத்தபடி காலைத் தூக்கச் சொன்னால் மனசு தூக்குகிறது, கால் அப்படியே கிடக்கிறது. பயந்து அழுதவர்களைத் தெரியும். வீக்கம் வடிய வடிய அது தானாகத் திரும்பும்.

வீக்கத்துக்கு ஐஸ். இங்கேதான் பெரியவர்களோடு சண்டை. நம் வீடுகளில் வலி என்றால் வெந்நீர் ஒத்தடம், நொச்சி இலை, நல்லெண்ணெய். ஆபரேஷன் ஆன புதிதில் சூடு வைத்தால் ரத்தம் இன்னும் கூடி வீக்கம் ஏறும். ஐஸ் கட்டியை ஒரு கவரில் போட்டு, துண்டில் சுற்றி, பதினைந்து இருபது நிமிடம் வைக்க வேண்டும். காயம் நனையக் கூடாது. பயிற்சி முடிந்த கையோடு வைத்தால் பலன் நன்றாகத் தெரியும். காலை உயர்த்தி வைக்கும்போதும் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும்தான் தலையணை, முட்டிக்கு இல்லை. (மறுபடியும் தலையணை. பரவாயில்லை, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.)

முட்டி சூடாக இருப்பது மாதக்கணக்கில் தொடரலாம். தழும்புக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் இடம் மரத்துப்போய் இருக்கும், தோலுக்குப் போகும் ஒரு சின்ன நரம்புக்கிளை வெட்டுப்படுவதால். நடக்கும்போது டொக் என்று சத்தம் வரும், உலோகம் பாலித்தீனைத் தட்டுகிற சத்தம். இவை மூன்றுக்கும் பயப்பட வேண்டாம். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, காயத்தில் நீரோ சீழோ கசிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ மட்டும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரி.

*

வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது இரண்டு முட்டியையும் மாற்றிக்கொண்டார். இடது முட்டி 2000 அக்டோபரில், வலது முட்டி 2001 ஜூனில், இரண்டுமே மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில். செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த சித்தரஞ்சன் ராணாவத், இந்தியாவில் பிறந்த டாக்டர். இன்று உலகம் முழுக்கப் பொருத்தப்படும் செயற்கை முட்டிகளின் மூதாதை என்று சொல்லத்தக்க 'டோட்டல் காண்டைலார்' முட்டி நியூயார்க்கில் 1974இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதை வடிவமைத்தவர்களில் ஜான் இன்சாலோடு இவரும் ஒருவர்.

எங்கள் ஊர் டீக்கடைகளில் முட்டி ஆபரேஷன் பற்றிய பேச்சு அந்த வருஷங்களில்தான் தொடங்கியது. அதுவரை முட்டிவலி என்பது வயதானால் வருவது, தைலம் தேய்த்துக்கொண்டு கிடக்க வேண்டியது. இரண்டாவது ஆபரேஷன் நடந்து ஆறு வாரம்கூட ஆகாமல் ஜூலை நடுவில் வாஜ்பாய் ஆக்ராவில் பாகிஸ்தானின் முஷாரஃபோடு உச்சி மாநாட்டில் உட்கார்ந்திருந்தார். மாநாடு தோற்றது. முட்டி தாங்கியது. ஒரு பிரதமருக்கு வாய்க்கிற உதவியாட்களும் பிசியோதெரபியும் எங்கள் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிக்காரருக்கு வாய்க்காது என்பது வேறு விஷயம்.

செயற்கை முட்டி என்ற யோசனை இதைவிடப் பழசு. 1890 வாக்கில் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் க்ளுக் என்ற அறுவை மருத்துவர் யானைத் தந்தத்தில் கீல் செய்து முட்டியில் வைத்துப் பார்த்தார். நோய்த்தொற்றால் நிலைக்கவில்லை. யானைகள் பிழைத்தன.

*

மடக்கும் பயிற்சிகளில் சாதனங்கள் எதுவும் தேவையில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். படுக்கையில் குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்தால் வழுக்கிக்கொண்டு வரும். குதிகாலை மெதுவாக உட்காரும் பக்கமாக இழுக்க வேண்டும். இனி முடியாது என்கிற இடத்தில் தோளில் போடும் துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு கையாலும் இன்னும் ஒரு இழுப்பு. அங்கேயே பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். சாதாரண ஈரிழைத் துண்டு போதும். பிசியோ சென்டரில் ரப்பர் பட்டை ஒன்றைக் காட்டி வாங்கச் சொன்னார்கள், துண்டே எனக்கு வசதி.

இன்னொன்று, நாற்காலியில் உட்கார்ந்து செய்வது. பாதத்தை முடிந்தவரை பின்னால் இழுத்துத் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். பிறகு பாதத்தை அசைக்காமல் இடுப்பை முன்னால் நகர்த்த வேண்டும். நகர்ந்த அளவுக்கு முட்டி மடங்கும். காலை வேறு யாரும் தொடவில்லை, நாமே நகர்கிறோம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். இந்தப் பயிற்சியில்தான் பயம் விட்டது. சக்கரமில்லாத, வழுக்காத நாற்காலியாக இருக்க வேண்டும், சுவரோடு ஒட்டிப் போட்டிருக்க வேண்டும்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட அவ்வப்போது பத்து நிமிடம் செய்வதே மேல். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: சீரியலுக்கு நடுவில் விளம்பரம் வந்தால் பயிற்சி. நம் சேனல்கள் விளம்பரத்தில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். "மாத்திரை வேண்டாம், பல்லைக் கடிச்சுக்கிறேன்" என்று வீரம் பேசுகிறவர்கள் முட்டியை மடக்குவதில்லை, பல்லைத்தான் கடிக்கிறார்கள். செய்யும்போது வலித்து, நிறுத்தினதும் கொஞ்ச நேரத்தில் அடங்கினால் சரி. மறுநாள் காலையில் முட்டி முன்னைவிட வீங்கியிருந்தால் நேற்று அளவு மீறியது என்று அர்த்தம், ஒரு நாள் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஊஞ்சல். அக்ரகாரத்துப் பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றி, முன்னும் பின்னும் மெல்லத் தள்ளினால் முட்டி மடங்கி நீளும், மடங்கி நீளும், நாம் கவனிக்காமலே. வாக்கரை விட்ட பிறகுதான், அதுவும் உட்காரும்போதும் எழும்போதும் ஒருவர் பலகையைப் பிடித்துக்கொண்டால்தான்.

நிலையான சைக்கிள் இருக்கும் இடத்தில், முதலில் முழுச் சுற்று சுற்றாது. சீட்டை உயர்த்தி வைத்துக்கொண்டு பெடலை முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 105, 110 வந்த ஒரு நாள் பெடல் தானாகச் சுற்றிவிடும். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தவர்கள் உண்டு.

*

மெஷின் பற்றி ஒரு வார்த்தை. படுத்திருக்கும்போதே காலைத் தாங்கி, தானாக மடக்கி நீட்டும் கருவி ஒன்று சில ஆஸ்பத்திரிகளில் உண்டு. சி.பி.எம். என்பார்கள். டொராண்டோ டாக்டர் ராபர்ட் சால்டர் 1970களில் கொண்டுவந்த யோசனை. பார்க்கப் பிரமாதம். முட்டி மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு அதைப் பயன்படுத்தியவர்களையும் பயன்படுத்தாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளையெல்லாம் காக்ரேன் அமைப்பு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. கூடுதலாகக் கிடைக்கும் மடக்கம் சராசரியாக இரண்டு டிகிரி அளவுதான். அதற்குத் தனி வாடகை கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். தொடைத் தசைக்கு வேலை கொடுக்காத எதுவும் முட்டிக்குப் பாதி உதவிதான்.

'ஹை ஃப்ளெக்ஸ்' முட்டியும் அப்படியே. அதிகம் மடங்கும் என்று சொல்லி, தரையில் உட்காரும் நம் மாதிரி ஆட்களுக்காகவே விற்கப்படுகிறது. சாதாரண முட்டியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. ஆபரேஷனுக்கு முன் உங்கள் முட்டி எவ்வளவு மடங்கியது என்பதுதான் பின்னால் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. எழுபதிலேயே இறுகிப்போன பிறகு ஆபரேஷனுக்குப் போகிறவர், எந்த கம்பெனி முட்டி வைத்தாலும் எழுபதிலிருந்துதான் போராட வேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் தள்ளுவோம், பேத்தி கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தள்ளுகிற மாதங்களிலாவது தொடைப் பயிற்சியைச் செய்துவைக்க வேண்டும்.

*

ராஜபாளையத்திலிருந்து கிழக்கே போனால் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் ஊர்கள். தெருவில் நடந்தால் விசைத்தறிச் சத்தம். நாட்டில் பல ஆஸ்பத்திரிகளுக்கு இங்கிருந்து துணி போகிறது. என் முட்டியில் சுற்றியிருந்த துணியும் இந்தத் தறியில் ஓடினதாக இருக்கலாம் என்று தம்பி சொன்னான்.

அந்தத் தறிகளை ஓட்டுகிறவர்கள் ஷிஃப்ட் முழுக்க நின்றும் நடந்தும் வேலை பார்க்கிறார்கள். 1930களில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் பஞ்சாலையில் நின்று தேய்ந்த முட்டிகள் மூன்று தலைமுறை. அவர்களில் ஒரு பெண்மணியைப் பிசியோ சென்டரில் பார்த்தேன். காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் முடிந்தது, கைக்காசு செலவில்லை. பயிற்சிக்குத் தினம் ஆட்டோவில் வந்துபோக முடியாமல் இரண்டாவது வாரத்தோடு நிறுத்திவிட்டார். மறுபடி வந்தபோது முட்டி எண்பதில் நின்றுவிட்டிருந்தது.

இதுதான் என் முக்கியமான மனத்தாங்கல். முட்டிக்குக் காசு கண்டுபிடித்துவிட்டோம், மடக்குவதற்குக் கண்டுபிடிக்கவில்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிகளுக்கு உச்ச விலை வைத்தது. அதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் போன கோபால்ட் குரோமியம் முட்டி 54,720 ரூபாய்க்கு வந்தது, வரி தனி. ஹை ஃப்ளெக்ஸ் 56,490. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த ஆபரேஷன் உண்டு, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள். 2022இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஆபரேஷன் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு வரும் மூன்று மாத வேலைக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

பலருக்குத் தெரியாமல் இருக்கும் ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பதோடு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு. மாத்திரை தரும் பெண்ணை எல்லாருக்கும் தெரிகிறது, பிசியோவும் வருவார் என்பது தெரிவதில்லை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 104க்குப் போன் செய்தும் விசாரிக்கலாம்.

*

படி ஏறும் விதி: ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில், கம்பும் அதோடு. உடம்பைத் தூக்குவதும் தாங்கி இறக்குவதும் நல்ல காலின் பொறுப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதில் பரீட்சை மண்டபம் தயாராகவே இருக்கிறது. ஆண்டாள் சன்னதிக்குப் போய்வரப் பெரிய சிரமமில்லை. வடபத்ரசாயியைச் சேவிக்க வேண்டுமானால் படியேறித்தான் ஆக வேண்டும், பெருமாள் மேல்தளத்தில் சயனித்திருக்கிறார். பதினோரு நிலைக் கோபுரத்தை வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். முட்டிக்காரர்கள் குனிந்து படியைப் பார்க்கிறார்கள். எண்பத்தைந்து, தொண்ணூறு டிகிரியும் தொடையில் வலுவும் இருந்தால் போய்விடலாம். விழுந்து சேவிப்பதைப் பெருமாள் எதிர்பார்க்கவில்லை என்று அர்ச்சகரே சொல்லிவிட்டார், கை கூப்பினால் போதுமாம். மண்டியிட்டால் முட்டி உடைந்துவிடாது. தழும்பின்மேல் பாரம் விழுவது பலருக்குச் சகிக்காது, அவ்வளவுதான்.

டவுன் பஸ் முதல் படி கோயில் படியைவிடக் கொடுமை. ராஜபாளையம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் ஏற வேண்டும். சத்தமாக "ஆபரேஷன் பண்ண காலு" என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்படாமல் சொன்னால் நிற்கிறார்கள்.

சதுரகிரிக்குப் போகலாமா என்று ஆடி அமாவாசை சமயத்தில் ஒரு பெரியவர் பிசியோவிடம் கேட்டார். ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டிக்கு வேலை அதிகம், அதுவும் தாணிப்பாறைப் பாதையில் ஒழுங்கான படிகூட இல்லை. "மகாலிங்கம் அங்கேயேதான்யா இருப்பாரு, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் பிசியோ தம்பி.

*

தடவுகிறவர்கள். "ரெண்டு இழுப்புல மடக்கிருவேன்" என்று சொல்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. ஒரு மூட்டுக்குள் உலோகமும் சிமெண்டும் இருக்கிறது என்பதை மறந்து காலைப் பிடித்து முறுக்கினால் எலும்பு முறியலாம், முட்டிச்சில்லின் தசைநார் அறுபடலாம். அறுபட்டால் சரிசெய்வது பெரும் பாடு. காயம் நன்றாக ஆறி, தையல் பிரித்து, டாக்டர் சரி என்ற பிறகு தழும்பைச் சுற்றி விரலால் மெல்லத் தடவிவிடலாம், அது தோலை இளக்கும். அதற்கு மேல் வேண்டாம். அய்யனார் கோயில் அருவியும் குற்றாலமும் காயம் ஆறிய பிறகுதான். அப்போதும் வழுக்குப் பாறையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மடவார் வளாகத்தில் வைத்தியநாதர் இருக்கிறார். திருமலை நாயக்கரின் வயிற்று நோயைத் தீர்த்தவர் என்பது ஐதீகம். மாற்றுமுட்டிக்காரர்கள் அங்கே பிராகாரம் சுற்றுவதைப் பார்க்கிறேன். சுற்றட்டும், சமதரை, நல்ல நடைப்பயிற்சி.

*

கடைசியாக, தேதி பார்த்துச் செய்ய வேண்டிய ஒரே விஷயம். முட்டிக்குள் தழும்புத் திசு முதல் சில வாரங்களில் இளசாக இருக்கும், பிறகு கெட்டிப்படும். ஒழுங்காகப் பயிற்சி செய்தும் ஆறு வாரத்தில் தொண்ணூறு வரவில்லையென்றால், "போகப் போகச் சரியாகும்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து, வலி தெரியாமல், அவரே மெல்ல மடக்கி உள்ளே ஒட்டியதைப் பிரித்துவிடுவார். அதை மூன்று மாதத்துக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். நாள் தள்ளிப்போனால் பலன் குறையும், கருவி விட்டு வெட்டிப் பிரிக்க வேண்டியும் வரலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் ஆபரேஷன் தேதி இருக்கும். அதிலிருந்து ஆறாவது வாரம் எந்தத் தேதி என்று பார்த்து, வீட்டுக் காலண்டரில் இன்றைக்கே வட்டம் போட்டு வையுங்கள்.